ஐஸ் கம்பெனியை ஒட்டி இறால் ஷெட் போடலாமா?

வாசகர் கேள்வி – பதில்: கடலோரத் தொழில் அனுமதிகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து. மண்டபம், வேதாளை, தங்கச்சிமடம், தொண்டி என்று ஊர்ப்பெயரைப் பார்த்ததுமே ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி என் பக்கம் தள்ளிவிட்டார். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் பொறியாளராக இருந்த காலத்தில் நான் அதிகம் அலைந்தது அந்தக் கரையில்தான் என்பது அவருக்குத் தெரியும். கடிதங்களைச் சுருக்கி, பெயரையும் சர்வே எண்ணையும் எடுத்துவிட்டுத் தருகிறேன்.

கேள்வி: ஐயா, மண்டபத்தில் அப்பா காலத்திலிருந்து ஐஸ் கம்பெனி நடத்துகிறோம். நாளைக்கு 50 கிலோ பார் 300 எடுக்கிறோம். வாரியத்தின் இசைவாணை இருக்கிறது. இப்போது இன்னொரு 300 பாருக்கு டேங்க் போட்டு, பக்கத்துக் காலி மனையில் இறால் உரிக்கும் ஷெட்டும் ஒரு குளிர்பதன அறையும் கட்ட நினைக்கிறோம். "வேலையை ஆரம்பியுங்கள், அடுத்த புதுப்பித்தலில் புதுக் கணக்கைக் காட்டிக்கொள்ளலாம்" என்கிறார் ஆடிட்டர். அனுமதி இல்லாமல் கடன் இல்லை என்கிறார் பேங்க் மேனேஜர். யார் சொல்வதைக் கேட்பது? எங்கள் இடம் கடலிலிருந்து 300 மீட்டருக்குள்தான் வரும்.
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: தம்பி, மேனேஜர் சொல்வதைக் கேளுங்கள். ஆடிட்டருக்கு வரிச் சட்டம் தெரியும். இது வேறு சட்டம். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, புதிதாகத் தொடங்குகிறவரோடு நிற்பதில்லை. இருக்கும் தொழிலை விரிவாக்குகிறவரும் முன்கூட்டியே இசைவு வாங்க வேண்டும் என்கிறது. உங்கள் கையில் உள்ள ஆணையை எடுத்துப் பாருங்கள். என்ன பொருள், எவ்வளவு, கழிவுநீர் எத்தனை கிலோலிட்டர், அதை எங்கே விடுகிறீர்கள் என்று அட்டவணை போட்டிருக்கும். அந்த அளவுக்குத்தான் இசைவு. 301ஆவது பாருக்கு உங்களிடம் காகிதம் இல்லை.

ஆகவே முதலில், விரிவாக்கத்துக்கென்று தனியாக நிறுவுவதற்கான இசைவாணை. கட்டி, இயந்திரம் மாட்டிய பிறகு இயக்குவதற்கான இசைவாணை. ஊரில் சி.டி.இ., சி.டி.ஓ. என்று சொல்வது இவற்றைத்தான். டேங்கைக் கட்டிவிட்டு சி.டி.இ. கேட்பது, தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பது மாதிரி. பார்க்க வருகிற பொறியாளர் என்ன எழுதுவார்? "பணி முடிந்துள்ளது" என்று எழுதுவார். அதற்குப் பிறகு நீங்கள் கேட்பது அனுமதியாக இருக்காது, மன்னிப்பாக இருக்கும்.

ஐஸ் டேங்கைவிட எனக்குக் கவலை தருவது அந்த இறால் ஷெட். நீங்கள் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரு ஜாதி இல்லை.

உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் வந்து தொடும் கோட்டிலிருந்து, நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், நீங்கள் எல்லாரும் சொல்கிற சிஆர்இசட். அதற்குள் உள்ளூர் மீனவர்களுக்குத் தேவையான வசதிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். மீன் உலர்த்தும் களம், ஏலக்கூடம், வலை பின்னும் இடம், படகு கட்டும் இடம், ஐஸ் பிளாண்ட், ஐஸ் உடைக்கும் யூனிட் என்று மத்திய அரசின் 2011 சிஆர்இசட் அறிவிக்கை பெயர் சொல்லியே பட்டியல் போடுகிறது. அதே அறிவிக்கையின் தடைப் பட்டியலில், மீன் பதப்படுத்தும் ஆலையைத் தொடங்குவதும் விரிவாக்குவதும், அதற்கான கிடங்கும் இருக்கின்றன. 2019 அறிவிக்கையும் புதிய மீன் பதப்படுத்தும் ஆலைக்குத் தடை போட்டிருக்கிறது. உங்கள் காலி மனை 300 மீட்டருக்குள் என்றால், அந்த ஷெட்டும் குளிர்பதன அறையும் அங்கே நிற்காது. எவ்வளவு நல்ல சுத்திகரிப்புத் தொட்டி கட்டினாலும் நிற்காது. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டீர்களானால், நடக்கக்கூடிய ஐஸ் டேங்கும் நடக்காத ஷெட்டோடு சேர்ந்து மேசையில் கிடக்கும்.

பிரித்துவிடுங்கள். ஐஸ் விரிவாக்கத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அதில் யாருக்கு ஐஸ் விற்கிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள்: இந்த இறங்குதளத்து விசைப்படகுகள், இத்தனை நாட்டுப்படகுகள் என்று. உள்ளூர் மீனவர் வசதி என்ற வாசல் வழியாகத்தான் நீங்கள் உள்ளே போகிறீர்கள், அதற்குச் சாட்சி வேண்டும். ஷெட்டுக்கு வேறு இடம் பாருங்கள். மண்டபத்தில் அது சுலபமில்லை என்பது எனக்குத் தெரியும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு பக்கமும் 500 மீட்டர் கழித்தால் நடுவில் மிஞ்சுவது கொஞ்சம்தான். உச்சிப்புளிப் பக்கம் உள்ளே தள்ளிப் பார்ப்பதே புத்திசாலித்தனம். ஏற்றுமதிக் கம்பெனிக்கு உரித்துக் கொடுப்பதென்றால் கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் பதிவும் தேவைப்படும், அது வேறு கதவு.

2011ஆ 2019ஆ என்று குழம்ப வேண்டாம். புது அறிவிக்கைப்படி தயாரித்த கடலோர மேலாண்மை வரைபடத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் வரும்வரை பழைய அறிவிக்கையும் பழைய வரைபடமும்தான் ஓடும். விண்ணப்பம் போடும் நாளில் எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது, அதில் உங்கள் மனை எந்த வகுப்பில் விழுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிஆர்இசட் விண்ணப்பம் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுமத்துக்குப் போய், அங்கிருந்து மாநிலக் குழுமத்துக்குப் போகும். 1:4000 அளவில், அலைக்கோடு குறித்த வரைபடம் வேண்டும். அதை உள்ளூர் சர்வேயர் போட்டுத் தர முடியாது. அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் போன்ற, மத்திய அரசு அங்கீகரித்த அமைப்புகள்தான் போட வேண்டும். செலவைப் பார்த்து முகம் சுளிப்பீர்கள். ஆனால் அந்த ஒரு தாளில்தான் உங்கள் மனையின் தலையெழுத்து இருக்கிறது.

இனி தண்ணீர். ஐஸ் கம்பெனிக்காரர்கள் விண்ணப்பத்தில் சறுக்குவது இந்த இடத்தில்தான். 600 பார், ஒன்றுக்கு 50 கிலோ என்றால் 30,000 லிட்டர், அதாவது 30 கிலோலிட்டர். கண்டென்சரில் ஆவியாவது, டேங்க் கழுவுவது, ஆட்களின் கழிப்பறை எல்லாம் இதற்கு மேல். ஐஸாகிற தண்ணீர் கழிவாக வெளியே வராது, படகில் ஏறிப் போய்விடும். அதனால் கழிவுநீர்க் கட்டத்தில் சின்ன எண்ணைப் போட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் பொறியாளர் முதலில் பார்ப்பது வரவுக் கட்டத்தை. இந்த 30 கிலோலிட்டர் மண்டபத்தில் எங்கிருந்து வருகிறது? "போர்வெல்" என்று எழுதினால் கதை முடிந்தது. 2011 அறிவிக்கைப்படி 200 மீட்டருக்குள் உள்ளூர் மக்கள் தங்கள் புழக்கத்துக்கு எடுப்பதைத் தவிர நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. 200லிருந்து 500 மீட்டர் வரை, வேறு வழியில்லாத இடத்தில், சாதாரணக் கிணற்றில் கையால் இறைக்கலாம். அதுவும் குடிநீர், விவசாயம், மீன்வளம் போன்ற தேவைகளுக்கு. மோட்டார் போட்ட ஆழ்துளைக் கிணறு இதில் எங்கேயும் இல்லை. லாரித் தண்ணீர் என்றால் எந்த ஊரிலிருந்து, யாரிடம், அவருக்கு அனுமதி உண்டா என்பது வரை காகிதம் வையுங்கள். வரவும் செலவும் சமமாக வரும்படி தண்ணீர்க் கணக்கு போடுங்கள். கூட்டல் உதைத்தால் கோப்பு திரும்பும்.

அடுத்தது ஒரு கிலோமீட்டர் படம். உங்கள் இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள நீர்நிலை, சாலை, குடியிருப்பு, விவசாய நிலம், பள்ளிக்கூடம், வழிபாட்டுத் தலம், புராதனச் சின்னம் எல்லாவற்றையும் தூரத்தோடு குறிக்க வேண்டும். டிராப்ட்ஸ்மேன்கள் இதில் கை வரிசை காட்டுவார்கள். ஒரு படத்தில் கம்பெனிக்குக் கிழக்கே "காலி நிலம்" என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் அங்கன்வாடி; பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த அங்கன்வாடியை நேர்மையாகக் குறித்து, அம்மோனியா கம்ப்ரசரை மேற்கு மூலைக்கு மாற்றுகிறோம் என்று எழுதியிருந்தால் அது ஒரு நல்ல விண்ணப்பம். மறைத்ததால், மற்ற எண்களையும் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட வேண்டி வந்தது. உங்களுக்கும் அம்மோனியா அளவு கூடும். தொழிலகப் பாதுகாப்புத் துறையிடம் தனியாகப் பேசிவிடுங்கள், ஜெனரேட்டர் புகைபோக்கியையும் சத்தத்தையும் விண்ணப்பத்தில் காட்டுங்கள்.

கட்டணம் உங்கள் மொத்த நிலையான சொத்து மதிப்பை வைத்து வரும். நிலம், கட்டடம், இயந்திரம் எல்லாம் சேர்த்துச் சான்று தருவது உங்கள் ஆடிட்டர் வேலை. அதில் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: கன்சல்டன்ட் ஒருவர் "எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ், பத்தே நாளில் பச்சை சர்டிபிகேட்" என்கிறார். நம்பலாமா?
– பெயர் வேண்டாம், ராமநாதபுரம்

பதில்: கன்சல்டன்ட் வைப்பதில் தப்பில்லை. நல்லவர்கள் இருக்கிறார்கள், படமும் தண்ணீர்க் கணக்கும் ஒழுங்காகப் போட்டுத் தருவார்கள். பத்து நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், தருகிறாரா பார்ப்போம்.

அதைவிட முக்கியம் ஒன்று. வாரியத்தின் ஆன்லைன் தளத்தில் கணக்கு தொடங்கும்போது யாருடைய செல் நம்பர், யாருடைய மின்னஞ்சல் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். பலருக்கும் கன்சல்டன்ட்டின் நம்பர்தான் அதில் இருக்கிறது. வாரியம் விளக்கம் கேட்டு எழுதினால் அவருக்குப் போகும். அவர் வேறு வாடிக்கையாளர் வேலையாகத் திருச்சியில் இருப்பார். தவணை போய், விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு முதலாளி அலுவலகத்துக்கு வந்து "எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லையே" என்று நிற்பார். உண்மையிலேயே வந்திருக்காது. கணக்கு உங்கள் பெயரில், உங்கள் நம்பரில், பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கட்டும். இசைவாணை மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். அந்த நாள்களை இன்னொருவர் பெட்டியில் தொலைக்காதீர்கள்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் எங்கள் வீடு கடலிலிருந்து சுமார் 150 மீட்டர். பிள்ளைகள் வெளியூரில். ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர்களுக்கு மூன்று அறைகளை வாடகைக்கு விடலாமா? தென்னந்தோப்பு கடல் பக்கம் இருக்கிறது, அதில் நான்கு காட்டேஜ் போடவும் ஆசை. 20 அறைக்குக் கீழே பச்சைப் பிரிவு, அனுமதியே வேண்டாம் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொல்கிறான்.
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அம்மா, பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் பாதி தெரிந்திருக்கிறது. மத்திய வாரியம் 2016இல் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்தபோது, பாய்லர் இல்லாத, 20 அறை வரையிலான விடுதியைப் பச்சையில் வைத்தது உண்மை. ஆனால் இசைவாணை தேவையில்லாத நிறம் வெள்ளை. பச்சைக்கு வேண்டும். அதோடு அந்த நிறங்கள் மாசு எவ்வளவு என்பதைச் சொல்கின்றனவே தவிர, எங்கே கட்டலாம் என்பதைச் சொல்வதில்லை. உங்கள் விஷயத்தில் எங்கே என்பதுதான் எல்லாமே.

இருக்கும் வீட்டு அறைகளை விடுவதற்கு வழி உண்டு. 2019 அறிவிக்கை, மீனவர்கள் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டையே ஹோம்ஸ்டேயாக நடத்தலாம் என்கிறது. வீட்டின் அடித்தளப் பரப்பு, வடிவமைப்பு, முகப்பு மாறக்கூடாது. எந்த வரைபடம் நடப்பில் என்று மண்டபம் வாசகருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். மாடியில் ஷீட் போட்டு இன்னும் இரண்டு அறை இறக்கினால் அது ஹோம்ஸ்டே இல்லை.

தோப்பில் காட்டேஜ் வேண்டாம். ஊரகக் கடற்கரை வகுப்பில் 200 மீட்டர் வரை கட்டுமானம் இல்லாப் பகுதி என்பது 2011 விதி. மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிக்கு 2019இல் அதை 50 மீட்டராகக் குறைத்தார்கள். உங்கள் ஊர் அந்தக் கணக்கில் வருகிறதா என்பதை வரைபடம்தான் சொல்லும். அப்படியே வந்தாலும் கடற்கரை விடுதிக்கென்று தனி நிபந்தனைகள் இருக்கின்றன. 2011 அறிவிக்கையில் மனை 0.4 ஹெக்டேருக்குக் குறையக்கூடாது, உயரம் 9 மீட்டர், இரண்டு தளம், மணல்மேட்டைச் சமப்படுத்தக் கூடாது, 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. நான்கு காட்டேஜ் ஆசைக்கு இவ்வளவையும் சுமக்க வேண்டியதில்லை.

மணல்மேடு பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன். தீவில் ஜேசிபி வாடகைக்குக் கிடைக்க ஆரம்பித்த பிறகு, "தோட்டத்தைச் சுத்தம் செய்தேன்" என்று சொல்லி மேட்டைத் தள்ளிவிடுகிறார்கள். மேடு இருக்கிற இடத்தில் மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீர் மேல் நல்ல தண்ணீராக மிதக்கிறது. உங்கள் வீட்டுக் கிணறு இனிப்பாக இருந்தால் அதற்கு அந்த மேடும் ஒரு காரணம். யாத்ரீகர்கள் வந்தால் கழிப்பறைப் புழக்கம் கூடும். உறை இறக்கிய குழியாக இருந்தால் அது நேரே மணலில் இறங்கி அதே தண்ணீரைத் தொடும். அறை விடுவதற்கு முன் அடியும் பக்கமும் பூசிய செப்டிக் டேங்க் கட்டி, கிணற்றுக்கு எவ்வளவு எட்ட வைக்க முடியுமோ அவ்வளவு எட்ட வையுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் செய்யுங்கள். அந்தத் தண்ணீரை முதலில் குடிக்கிறவர் நீங்கள்தான்.

கேள்வி: வேதாளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நண்டு கம்பெனி. நண்டு அவித்த தண்ணீரைப் பனங்காட்டுப் பள்ளத்தில் விடுகிறார்கள். மத்தியானம் சோறு சாப்பிட முடியவில்லை. கம்பெனி வைத்திருக்கும் காக்கா (அண்ணன்) எங்கள் ஜமாத்துக்காரர்தான், வேலை பார்க்கும் பெண்களெல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள். மூடச் சொல்லிக் கேட்கவும் மனமில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, வேதாளை

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. மூட வேண்டாம், நாற்றம் போக வேண்டும். இது நியாயமான கோரிக்கை, சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது.

முதலில் அந்தக் கம்பெனிக்கு இசைவாணை இருக்கிறதா, இருந்தால் என்ன நிபந்தனை என்று தெரிந்துகொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "அந்தக் கம்பெனி பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்காதீர்கள். "இந்த இடத்தில் உள்ள இந்த நிறுவனத்துக்கு வழங்கிய இசைவாணையின் நகல்" என்று கேளுங்கள். நகல் வந்ததும் கழிவுநீர் பற்றிய நிபந்தனையை அடிக்கோடு போட்டு, அந்தக் காகிதத்தோடு காக்காவைப் போய்ப் பாருங்கள். ஜமாத்துப் பெரியவர் ஒருவரையும் கூட்டிப் போகலாம்.

அவரிடம் கேட்க வேண்டியதும் பெரிய செலவில்லை. நண்டு அவித்த தண்ணீரில் கிடப்பது உப்பும் புரதமும் கொழுப்பும். சூடாக இருக்கும்போது அவ்வளவு நாறாது. பள்ளத்தில் தேங்கி அன்று சாயங்காலம் அழுக ஆரம்பிக்கும்போதுதான் உங்கள் சோற்றுத் தட்டுக்கு வரும். வாய்க்காலில் கம்பிவலை போட்டு ஓட்டுத்துண்டைப் பிடிக்க வேண்டும். அடுத்து, எண்ணெயும் கொழுப்பும் மேலே நிற்கிற மாதிரி தடுப்பு வைத்த தொட்டி, அதன் பின் சுத்திகரிப்பு. நண்டு ஓட்டை அன்றன்றே அள்ளி எடுத்துப் போக ஆள் வேண்டும். ஓட்டுக் குவியலில் ஈ மொய்த்தால், தண்ணீரைச் சரிசெய்தும் பயனில்லை.

அவர் அசைந்து கொடுக்கவில்லை என்றால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு. மனுவில் "கழிவுநீரை முறைப்படுத்த உத்தரவிட வேண்டும்" என்று எழுதுங்கள். தேதி போட்ட புகைப்படம் மூன்று நான்கு போதும். பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். பொறியாளர் வந்து கிணற்றுத் தண்ணீரையும் பள்ளத்துத் தண்ணீரையும் மாதிரி எடுப்பார். எடுக்கும்போது நீங்கள் அங்கே நில்லுங்கள்.

இதைப் படிக்கும் நண்டு கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு சொல். சிஆர்இசட்டுக்குள் இருக்கும் பழைய ஷெட்டில் புதிதாக இரண்டு அண்டா சேர்ப்பதும் விரிவாக்கம்தான்.

கேள்வி: தொண்டிக்கு மேற்கே எங்களுக்கு நான்கு ஏக்கர் பட்டா நிலம். உப்பேறி, மூன்று போகமாக நெல் சரியில்லை. நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்து வனாமி இறால் பண்ணை போடுகிறேன் என்கிறார். நல்ல பணம். அனுமதியை அவர் பார்த்துக்கொள்வாராம். நான் கையெழுத்துப் போடலாமா?
– ஒரு விவசாயி, திருவாடானை வட்டம்

பதில்: அவசரப்படாதீர்கள். திருவாடானையை ராமநாதபுரத்தின் நெற்களஞ்சியம் என்று சொல்கிறோம். உங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரர் இன்னும் நெல்தானே போடுகிறார்?

உவர்நீர் இறால் பண்ணைக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு வேண்டும். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த இறால் பண்ணைத் தீர்ப்பின் தொடர்ச்சியாக வந்த சட்டம் இது. வழக்குப் போட்டவர் காந்தியவாதி ஜெகந்நாதன்; கிளம்பிய இடம் தஞ்சை – நாகைக் கடற்கரை. உங்கள் குத்தகைக்காரருக்கு இந்தக் கதை நன்றாகவே தெரிந்திருக்கும்.

விண்ணப்பம் மீன்வளத் துறை வழியாகப் போகும். உங்கள் நான்கு ஏக்கர் சுமார் 1.6 ஹெக்டேர். இரண்டு ஹெக்டேருக்குள் என்பதால் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவே பரிசீலிக்கும். பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும். உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணை கூடாது. குடிநீர் ஆதாரத்துக்கு 100 மீட்டர், 500 பேருக்கு மேல் இருக்கும் ஊருக்கு 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். விவசாய நிலத்தையும் உப்பளத்தையும் சதுப்புக் காட்டையும் பண்ணையாக்கக் கூடாது என்பது வழிகாட்டு நெறி. வனாமிக்குத் தனி அனுமதியும், கழிவுநீருக்குக் குட்டையும் உண்டு.

இதில் உங்களை உதைக்கப்போவது விவசாய நிலம் என்ற சொல். குழு வந்தால் கேட்பது அடங்கல், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு. கிராம நிர்வாக அலுவலர் அதில் "நெல்" என்று எழுதியிருந்தால், நீங்கள் வாயால் உப்பு என்று சொல்வது நிற்காது. மகசூல் சரியாக வராத வருடமும் விதைத்தீர்கள், பயிர்க் காப்பீடு வாங்கினீர்கள் என்றால் அடங்கலில் நெல்தான் இருக்கும். மண் பரிசோதனை செய்து, உப்பின் அளவை வேளாண் துறையிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். அது பண்ணைக்கு உதவினாலும் உதவும், உவரைத் தாங்கும் நெல் ரகத்துக்கு மாறுவதற்கு உதவினாலும் உதவும். என் விருப்பத்தைக் கேட்டால் இரண்டாவதுதான்.

குத்தகையே போடுவதானாலும், பதிவுச் சான்று வந்த பிறகுதான் குளம் வெட்ட வேண்டும் என்று பத்திரத்தில் எழுதி, பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். பக்கத்து வயலில் உப்பு இறங்கினால் யார் நஷ்டஈடு, குத்தகை முடிந்தால் குளத்தை யார் மூடுவது, இவை இரண்டும் பத்திரத்தில் இல்லையென்றால் பேனாவை மூடி வையுங்கள். அவர் நாகப்பட்டினம் திரும்பிவிடுவார். பக்கத்து வயல்காரர் தினமும் உங்கள் வாசல் வழியாகத்தான் போவார்.

கேள்வி: மகளிர் குழுவாகக் கப்பாபைகஸ் பாசி வளர்க்க நினைக்கிறோம். மண்டபம் தெற்குக் கடலில் மிதவை போட பொல்யூஷன் சர்டிபிகேட் வேண்டுமா?
– மகளிர் குழு ஒன்று, மண்டபம்

பதில்: கேட்க வேண்டிய இடம் வாரியம் இல்லை சகோதரிகளே, மீன்வளத் துறையும் வனத்துறையும். தெற்குக் கடல் மன்னார் வளைகுடா. அங்கே 21 தீவுகளைச் சுற்றி 1986இலேயே கடல் தேசியப் பூங்கா அறிவித்திருக்கிறார்கள். கப்பாபைகஸ் வெளியூர்ப் பாசி. 2005 டிசம்பரில் தமிழக அரசு போட்ட ஆணை அதை அந்தப் பக்கம் வளர்க்க விடவில்லை. குருசடைத் தீவின் பவளப்பாறை மேல் அது படர்ந்ததைப் பின்னால் ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். மிதவையை வடக்குக் கடலில், பாக் விரிகுடாப் பக்கம் போடுங்கள். மண்டபத்தில் நடந்தே போகிற தூரம்தான். பாசியைக் காயவைத்து விற்பதோடு நிறுத்திக்கொண்டால் என்னிடம் வர வேண்டியதில்லை. அதிலிருந்து சாறோ உரமோ எடுக்கும் யூனிட் போட்டால் வாருங்கள், தண்ணீர்க் கணக்கோடு.